உறை பிரிக்காத மெத்தை

கறைகள் அவளிடம் பொய் சொல்ல முடியாது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக நிற்கிறவள். துணியை ஒருமுறை வெளிச்சத்துக்குப் பிடித்தால் போதும், என்ன கொட்டியது, எப்போது கொட்டியது என்று சொல்லிவிடுவாள். டீக் கறைக்கு ஓரம் கருக்கும். எண்ணெய்க்கு ஓரமே இருக்காது. துரு நாளாக ஆக ஆழம் போகும். கூட வேலை செய்கிற பெண்கள் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, கணவனின் கால்சட்டையை வாளியில் முக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உட்காரும்போது எலும்பு அழுந்துகிற இடத்தில், வலது பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறை. நடுவில் வெளிர் மஞ்சள், சுற்றிலும் பழுப்பு வளையம். வார்னிஷாக இருக்கலாமே என்று மனசு சமாதானம் தேடியது. கணவன் எரிந்துபோன மின்விசிறிகளுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவன். அந்த வீட்டில் எங்கே கை வைத்தாலும் வார்னிஷ் ஒட்டும். முகர்ந்து பார்த்தாள். வார்னிஷ் இல்லை.

தெருவில் எல்லாருக்கும் அவன் காயில்காரன். நாலு வருஷத்துக்கு முன்னால் பெயிண்டராக இருந்தான். மூன்றாவது மாடி உயரத்தில் சாரப் பலகை ஒன்று முறிந்ததில் பெயிண்டர் போய்விட்டான். இடுப்புக்குக் கீழே கொள்ளிக்கட்டையை வைத்தாலும் தெரியாத ஒரு மனிதன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தான். ஒன்றரை வருஷம் கட்டிலும் சுவருமாகக் கிடந்தவனைத் தேடி வந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் அமைப்பு. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வீட்டில் அதை 'ஆபீஸ்' என்று மட்டும் சொல்வார்கள். காயில் சுற்றக் கற்றுக்கொடுத்தது ஆபீஸ். சக்கர நாற்காலி கொடுத்தது ஆபீஸ். நாற்காலியோடு, உட்காரும் இடத்தில் புண் வராமலிருக்கத் தனியாக ஒரு மெத்தையும் கொடுத்தது.

மெத்தை வந்த முதல் வாரமே அதன்மேல் ஒரு சொட்டு கிரீஸ் விழுந்தது. வீடே பதறிப்போனது. கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலாகக் கொடுத்துவிட்டுப் போன தாளில் 'வழங்கப்பட்ட பொருளைப் பழுதின்றிப் பாதுகாப்பேன்' என்று ஒரு வரி இருந்தது. கணவனின் அக்கா, அந்த வீட்டில் சமையலும் சட்டமும் அவள்தான், அந்த வரியை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். கிரீஸைத் துடைத்தாள். வந்த பிளாஸ்டிக் உறையிலேயே மெத்தையைத் திரும்பப் போட்டு, அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். வெளியே எங்கேயாவது கிளம்பினால் உறையோடேயே இறங்கும், வந்ததும் ஏறிவிடும். மற்ற நாட்களில் நாற்காலியில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் அவன் உட்கார்ந்தான்.

அந்த வருஷ வெயில் மோசமான வெயில். பத்து மணிக்கே தெரு வெளுத்துப்போய்விடும். மின்சாரம் ஒரு நேரம் தாழும், ஒரு நேரம் எகிறும். வீட்டுக்கு வீடு விசிறி எரிந்தது. இறக்கை கழற்றிய விசிறிகள் வாசலிலிருந்து கட்டில் காலடி வரை வரிசை கட்டி நின்றன. காலை ஏழுக்கு நாற்காலியில் ஏறினால் பொழுது சாயும்வரை அவன் இறங்குவதில்லை. கால் மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது ஆபீசில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் ஒரு காயிலுக்கு நானூறு சுற்று. சுற்றும் கருவியில் எண்ணிக்கை காட்டும் முள் எப்போதோ உடைந்துவிட்டது. உதடு அசைய வாயால்தான் எண்ணுவான். நடுவில் கையை எடுத்தால் எண்ணிக்கை போய்விடும். எண்ணிக்கை தவறினால் விசிறி ஒரு மாதத்தில் திரும்பி வரும். அதனால் முந்நூறில் தூக்கிக்கொள்ளலாம், நானூறில் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பான். நானூறு முடிந்ததும் அடுத்த காயில் கையில் இருக்கும்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். வெளியே பொத்தான் அளவுதான். சுற்றியிருந்த தோல் மட்டும் கத்தரிக்காய் நிறத்தில், தொட்டால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் நெகிழ்ந்தது.

"என்ன, வேர்க்குருவா?" என்றான் சுவரைப் பார்த்தபடி.

"புண்ணு."

 நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆபீசிலிருந்து வந்து பார்த்துப்போகிற ஸ்கூட்டர் மேடத்துக்கு இப்போதே போன் போடுகிறேன் என்று அவள் எழுந்தாள். அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. காயில் சுற்றுகிற கை, பிடித்தால் விடாது.

"வியாழக்கிழமை கழியட்டும்."

வியாழக்கிழமை என்ன என்று அவளுக்கும் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆபீஸ் ஆறு கடைகள் எடுத்திருந்தது. படி கிடையாது, சரிவுப் பாதை. நாற்காலியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்கு அகலமான கழிப்பறை. ஐந்து கடைக்கு ஆள் வந்துவிட்டது. ஆறாவதற்கு அவன் பெயரும் இன்னொருவர் பெயரும் இருந்தன. வியாழக்கிழமை பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து பார்த்து முடிவு செய்வார்.

"புண்ணுன்னா என்ன செய்வாங்க தெரியும்ல? மூணு மாசம் குப்புறப் போட்ருவாங்க. கடை காத்துக்கிட்டு இருக்குமா? வெயில் காத்துக்கிட்டு இருக்குமா?"

"உடம்பு காத்துக்கிட்டு இருக்குமா?"

"மூணு நாளு. நாலு வருஷம் இருந்தாச்சு, மூணு நாளு இருக்கமாட்டனா?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அங்க போனா, நெனச்ச நேரத்துக்குத் தண்ணி குடிக்கலாம்."

 தெருவின் பொதுக் கழிப்பறைக்கு இரண்டு படி. அவளும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கினால்தான் அவன் ஏற முடியும். அவள் வேலைக்குப் போன பிறகு தூக்க ஆளில்லை. அதனால் இந்த வெயிலில், காலையிலிருந்து அவள் திரும்பும்வரை, அவன் குடிப்பது இரண்டு தம்ளர் தண்ணீர். இரண்டாவது தம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாக, மருந்து குடிப்பதுபோல் குடிப்பான். அவள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். போனைக் கீழே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டைப் புரட்டிப் போட்டாள். விசிறிகளை உயரவாரியாக நிறுத்தினாள். தரையைப் பினாயில் விட்டுக் கழுவினாள். தம்பிக்குப் புண் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்கே சொன்னதாகும் என்று அவன் தடுத்திருந்தான். "உன் புருஷனுக்குக் கடை வரப்போவுது, நீ எழவு வீட்டுக்காரி மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க. சிரிக்கத் தெரிஞ்சா கொஞ்சம் சிரிடி" என்றாள் அக்கா. அவள் சிரித்தும் காட்டினாள்.

புதன்கிழமை சலவைக்கூடத்தில் நீராவி எழும்ப எழும்ப விரிப்புகளைத் தேய்த்தாள். அவள் தேய்த்து மடித்த அடுக்கில் ஒரு விரிப்பில் டீக் கறை அப்படியே இருந்ததை மேற்பார்வையாளர் எடுத்துக் காட்டினார். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. போலீசே கோட்டைவிட்டுவிட்டது என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவள் மறுநாள் விடுப்பு கேட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பினாயிலையும் மீறி அந்த வாடை வந்தது. சாக்கு ஈரமாயிருந்தது. கருத்த தோல் பிய்ந்துபோயிருந்தது. திறந்துகொண்ட வாய் தம்ளரின் வாயளவு இருந்தது. அவள் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் கழுவி, வெளுத்த துணியை மடித்து வைத்துக் கட்டினாள். அவன் நெற்றி கொதித்தது. அன்றைக்குப் பதினாலு விசிறி முடித்திருந்தான்.

"இப்பவே போவோங்க. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

"ஒரு ராத்திரி. நாளைக்கு அவங்க கெளம்புனதும் ஆட்டோ புடிச்சுப் போயிரலாம். உன் மேல ஆணையா வர்றேன்." பல் தந்தியடித்தது. "யார் கேட்டாலும் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. உனக்கு எதுவும் தெரியாதுன்னு இரு."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கூட்டரின் சத்தம் கேட்டது. மூன்று சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்த மேடத்துக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. பதினெட்டு வயதில் ஏற்பட்ட ஒரு விபத்து. பின்னால் கட்டியிருந்த தன் நாற்காலியைத் தானே இறக்கி, தானே மாறி உட்கார்ந்து, வாசல் பலகையில் சர்ரென்று ஏறி உள்ளே வந்தார். வாய்க்கு ஓய்வு கொடுக்காத மனுஷி. "என்ன காயில்காரரே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க. மாப்பிள்ளை பாக்கவா நாங்க வந்திருக்கோம்?" என்றார். பின்னால் பொறுப்பாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் கேமரா, கையில் ஒரு கோப்பு.

காயில்காரன் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் இருந்தான். முகத்தில் பவுடர். உறை பிரித்த மெத்தை நாற்காலியில் போடப்பட்டு அதன்மேல் அவன் உட்கார்ந்திருந்தான். உள்ளே துணி வைத்து இறுக்கக் கட்டியிருந்தாள். பொறுப்பாளருக்கு வேர்த்து ஊற்றியது. அக்கா விசிறியைப் போடப் போனபோது, வேண்டாம், சத்தத்தில் பேச்சு கேட்காது என்று அவன் சொல்லிவிட்டான். பதினாலு விசிறி நிற்கிற வீட்டில் ஒரு விசிறியும் ஓடவில்லை. ஸ்கூட்டர் மேடம் ஒருமுறை மேலே பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் சுவரோடு நின்று இதைக் கவனித்தாள். 

பொறுப்பாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை விசிறி, திரும்பி வருவது எத்தனை, கடையில் மோட்டார் வேலையும் எடுப்பீர்களா. அவன் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. டீ வந்தது. பொறுப்பாளர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மெத்தையின் ஓரத்தைத் தொட்டு, இரண்டு வருஷத்துப் பொருள் நேற்று வாங்கினதுபோல் இருக்கிறது, எல்லாரும் இப்படி வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். கோப்பைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"தூசி படவிட்டதில்லீங்க. இன்னிக்குக் காலையிலதான் உறையவே பிரிச்சேன். மத்த நாள்ல அதுபாட்டுக்கு அலமாரி மேல பத்திரமா இருக்கும். நீங்க எழுதிக் குடுத்த தாள அப்படியே மனசுல வெச்சிருக்கோம்."

ஸ்கூட்டர் மேடத்தின் கையில் டீத் தம்ளர் பாதி வழியில் நின்றது.

"அப்ப இத்தனை நாளா எதுல உக்காந்திருந்தாரு?"

"சாக்க மடிச்சிப் போட்டுத் தர்றேன். மெத்துமெத்துன்னு இருக்கும்."

மேடம் தம்ளரைத் தரையில் வைத்தார். சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளி அவன் முழங்காலோடு முழங்கால் இடிக்கும் தூரத்துக்கு வந்தார்.

"புண்ணு இருக்கா?"

"இல்ல மேடம்."

"கைய ஊனித் தூக்குங்க. பாக்கறேன்."

"இப்பதான் தூக்கினேன்."

"என்னோட மெத்தை எட்டு மாசத்துல அப்பளமாயிரும். இது மூணாவது. உங்களுது மூலை மழுங்கல. ஏன் வெயில்ல நடுங்கறீங்க?"

"நடுங்கலையே."

அக்கா ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொறுப்பாளரின் பேனா தாளுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் இருந்தது. மேடம் அடுப்புப் பக்கம் திரும்பினார். அவள் எதிர்பார்த்ததும் பயந்ததும் அந்தத் திரும்பலைத்தான்.

"நீதானே துணி துவைக்கற. நீ சொல்லு."

கணவன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சினான். அந்தப் பார்வையில் சரிவுப் பாதை இருந்தது, அகலமான கதவு இருந்தது, ஒரு முழுச் சொம்புத் தண்ணீர் இருந்தது. அந்தப் பேனா இறங்க எவ்வளவு நேரமாகும்? ஒரு கையெழுத்து. அதன் பிறகு ஆட்டோ. ஒரு நிமிஷம் வாயைக் கட்டினால் எல்லாம் கிடைக்கும். அவன் உதடு அசைவதைப் பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்தான். வேறொன்றுமில்லை, எண்ணிக்கொண்டிருந்தான், காயிலை முடிக்கும்வரை தாக்குப்பிடிப்பதைப்போல. இவன் நானூறு முடித்ததும் அடுத்த காயிலை எடுப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. இன்றைக்குக் கையெழுத்து, நாளைக்குக் கடையைக் கழுவணும், மறுநாள் சாமான் ஏத்தணும் என்பான்.

"திங்கக்கிழமை பொத்தான் அளவு இருந்துச்சு" என்றாள். தன் குரலே பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது. "நேத்து தம்ளர் வாயளவு. காலையில கட்டும்போது என் சுண்டுவிரல் பாதிக்கு மேல உள்ள போச்சு. நேத்துலேர்ந்து காய்ச்சல்."

 வாசலில் வெயில் நின்றிருந்தது. பொறுப்பாளர் பேனாவை மூடிய சிறு சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருடின்னா" என்றான் அவன், மெதுவாக. பிறகு அவளைப் பார்க்கவேயில்லை.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் உறை போட்டேன், நான்தான் உறை போட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள். எழுதிக் கொடுத்த தாளில் அப்படித்தானே இருந்தது என்று யாரையோ கேட்டாள்.

"அந்த வரிய எழுதினது நான்தான்" என்றார் ஸ்கூட்டர் மேடம். "ரெண்டு பேரு நாற்காலிய வித்துட்டாங்கன்னு எழுதினேன். உங்க மேல தப்பில்லக்கா. எந்திரிங்க, ஆட்டோவப் புடிங்க."

ஆட்டோவில் பின் இருக்கை முழுக்க அவனைக் குப்புறக் கிடத்தி, காலடியில் அவள் குந்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சரிவுப் பாதையை மறித்து மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மேடம் தன் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, அவை நகரும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, விஷம் இரத்தத்தில் இறங்கத் தொடங்கிவிட்டது என்றார். அன்றைக்கே அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். எலும்பு தப்பியது. இன்னும் இரண்டு நாள் தாண்டியிருந்தால் நான் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன் என்றார் டாக்டர்.

கடை இன்னொருவருக்குப் போனது. மேடம்தான் வார்டுக்கு வந்து சொன்னார். ஆபீசில் சண்டை போட்டதாகவும், மூன்று மாதம் பூட்டி வைக்க ஒத்துக்கொள்ளவில்லை என்றும், அடுத்த வரிசை கட்டும்போது முதல் பெயர் என்று எழுதி வாங்கியிருப்பதாகவும் சொன்னார். அடுத்த வரிசை எப்போது என்று அவன் கேட்டான். மேடம் பொய் சொல்லவில்லை. தெரியாது என்றார். பழைய தாளைக் கொண்டுவந்திருந்தார். 'பழுதின்றி' வரியை அடித்து, 'தினமும் பயன்படுத்துவேன். பழுதானால் வேறு கேட்டு வாங்குவேன்' என்று கையால் எழுதியிருந்தார். அவன் குப்புறப் படுத்தவாக்கில், தலைமாட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். போகும்போது மேடம் அவளிடம், வெறுந்தரையில் உட்காராதே, அந்த மெத்தையைக் கொண்டுவந்து போட்டுக்கொள், அழுக்காகட்டும் என்றார்.

மேடத்திடம் பேசினான். நர்சிடம் பேசினான். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவரிடம் சிரிக்கக்கூடச் சிரித்தான். அவளிடம் மட்டும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாங்கிக்கொள்வான். முட்டையை உரித்துக் கொடுத்தால் தின்பான். குப்புறக் கிடப்பவனுக்குத் தரைதான் தெரியும். அந்தத் தரையில் அவள் மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். அவன் கண்ணை மூடிக்கொள்வான். சலவைக்கூடத்துக்கு அரைநாள் போய் வந்துகொண்டிருந்தாள். அக்கா தூக்கில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் காலையே நீவிக்கொண்டிருப்பாள்.

இருபத்தாறாவது நாள், நர்ஸ் கட்டு மாற்றி முடித்துப் போன பிறகு, அவன் கண்ணைத் திறந்தான்.

"எவ்வளவு இருக்கு?"

அவளுக்கு முதலில் யாரைக் கேட்கிறான் என்றே புரியவில்லை. பிறகு ஆள்காட்டி விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, மேல் கணுவில் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவு."

"வெட்டின அன்னிக்கு?"

முழு விரலையும் காட்டினாள்.

"எனக்காகச் சொல்லலையே?"

"இதுல பொய் சொல்ல எனக்கு வராது. உங்களுக்குத்தான் தெரியுமே."

அவன் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தான். உதடு லேசாக அசைந்தது. எத்தனை நாளுக்கு எவ்வளவு, மிச்சம் எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிறான் என்று நினைத்தாள்.

"தண்ணி குடு."

பாட்டிலைத் திறந்து வாயருகே பிடித்தாள். கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தூக்க வேண்டியதில்லை, எந்தப் படியும் இல்லை. அவன் நிறுத்தாமல் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் காலியானதும், இன்னும் கொஞ்சம் என்றான். இரண்டாவது பாட்டில் சாய்ந்த வேகத்தில் தண்ணீர் அவன் தாடையில் வழிந்து, தரையில் அவள் உட்கார்ந்திருந்த மெத்தையின் ஓரத்தில் சொட்டியது. முன்பே அதில் டீ கொட்டின ஒரு வளையம் இருந்தது. புதிய ஈரம் அதன் பக்கத்தில் மெல்லப் பரவியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். துடைக்க யாரும் கையை நீட்டவில்லை.